567 கோடி ஆண்டுகள் காத்திருக்கும் துறவி: கோயாசான் தெரியுமா?

ஜப்பானில் ஒரு மலையூர். குடியிருப்பவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர்தான். கோயில்களோ 117! எந்தத் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பௌத்தக் கோயிலின் வாசலில்தான் போய் நிற்பீர்கள். அவற்றில் ஏறக்குறைய ஐம்பது கோயில்கள், வருகிறவர்களுக்கு அறை கொடுத்து, சாப்பாடு போட்டு, விடிகாலைப் பூசைக்கும் அழைக்கின்றன. இதெல்லாம் கிடக்கட்டும். அந்த ஊரில், கிட்டத்தட்ட 1,200 ஆண்டுகளுக்கு முன்பு தியானத்தில் அமர்ந்த ஒரு துறவிக்கு இன்றைக்கும் தினம் இரண்டு வேளை சாப்பாடு போகிறது, தெரியுமா?

ஊரின் பெயர் கோயாசான். வகாயாமா மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேலே இருக்கிறது. துறவியின் பெயர் கூக்காய். ஜப்பானியர்கள் பக்தியோடு கோபோ தாய்ஷி என்பார்கள். ஷிங்கோன் என்னும் தாந்திரிக பௌத்த மரபை ஜப்பானில் நிறுவியவர். கி.பி. 835இல் அவர் இறந்துவிட்டார் என்று கோயாசானில் யாரும் சொல்லமாட்டார்கள். தியானத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். எதுவரை? மைத்ரேய புத்தர் பூமிக்கு வரும்வரை. அவர் எப்போது வருவார்? 567 கோடி ஆண்டுகள் கழித்து!

காத்திருப்பவருக்குப் பசிக்காதா? காலை ஆறு மணிக்கு ஒரு முறை, பத்தரை மணிக்கு ஒரு முறை, துறவிகள் வெள்ளை மரப்பெட்டியில் உணவைச் சுமந்து வருகிறார்கள். வழியில் ஒரு சின்னச் சன்னிதி. அங்கே இருப்பவர் ருசிபார்க்கும் ஜிசோ என்னும் போதிசத்துவர். அவருக்குக் காட்டிய பிறகுதான் பெட்டி பாலத்தைக் கடந்து கூக்காயின் சமாதி நோக்கிப் போகும். மழையோ, பனியோ, இடியோ, ஒரு நாளும் தவறுவதில்லை. உள்ளே போகும் உரிமை யூய்னா என்ற தலைமைத் துறவி ஒருவருக்கே உண்டு. உள்ளே என்ன பார்த்தார் என்பதை அவர் வெளியே சொல்வதில்லை.

யார் இந்தக் கூக்காய்? 774இல் ஷிக்கோக்கு தீவில் பிறந்தவர். 804இல் கப்பலேறிச் சீனா போனார். அன்றைய உலகின் மாபெரும் நகரங்களில் ஒன்றான சாங்கானில் ஹுய்குவோ என்ற ஆசான், வந்தவரைப் பார்த்ததுமே தன் வாரிசாக ஏற்றார். தெரிந்ததையெல்லாம் சில மாதங்களில் கொட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டே ஹுய்குவோ கண்மூடினார். 806இல் ஊர் திரும்பினார் கூக்காய். துறவி மட்டுமா அவர்? ஜப்பானின் மூன்று தலைசிறந்த எழுத்தோவியர்களில் ஒருவர். ஏரியும் சீரமைத்தார்! ஷிக்கோக்குவில் உடைந்து கிடந்த மன்னோ ஏரியின் கரையைச் செப்பனிட அரசாங்கம் ஆனமட்டும் முயன்று தோற்றது. 821இல் கூக்காயை அனுப்பினார்கள். ஊர் மக்கள் திரண்டு வந்து மண் சுமந்தார்கள். சில மாதங்களில் வேலை முடிந்தது. அந்த ஏரி இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 828இல் கியோட்டோவில் ஏழைப் பிள்ளைகளும் படிக்க ஒரு பள்ளியும் திறந்தார்.

அவர் மலையைத் தேர்ந்தெடுத்த கதையைக் கேளுங்கள். சீனக் கடற்கரையில் நின்று, கையிலிருந்த மூன்று முனை வஜ்ராயுதத்தை ஜப்பான் பக்கம் வீசினாராம். பல ஆண்டுகள் கழித்து இடம் தேடி அலைந்தபோது கறுப்பு நாய் ஒன்று, வெள்ளை நாய் ஒன்று, இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரு வேடன் எதிரே வந்தான். நாய்கள் வழிகாட்டின. போய்ப் பார்த்தால் ஒரு பைன் மரக்கிளையில் அந்த வஜ்ரம் மின்னிக்கொண்டிருந்ததாம்! அந்த வேடன் மலைத்தெய்வம் என்பது ஊர் நம்பிக்கை. 816இல் சாகா பேரரசர் மலையை அவருக்கு அளித்தார் என்பது வரலாறு. அந்தப் பைன் மரத்தின் வழிவந்ததாகச் சொல்லப்படும் மரம் ஒன்று கோயில் வளாகத்தில் வேலிக்குள் நிற்கிறது. அந்தப் பக்கத்துப் பைன்களுக்குப் பொதுவாக இரண்டிரண்டு ஊசியிலைகள். இதிலோ மூன்று! கீழே உதிர்ந்து கிடக்கும் மூவிலைகளைத் தேடிப் பொறுக்கிப் பணப்பையில் வைத்துக்கொண்டால் அதிர்ஷ்டம் என்று பெரியவர்கள்கூடக் குனிந்து தேடுகிறார்கள். எட்டுச் சிகரங்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கு இது. எட்டிதழ்த் தாமரையின் நடுவே ஊர் அமர்ந்திருப்பதாகப் பக்தர்கள் காண்கிறார்கள்.

இனி அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் கொம்போன் தாய்தோ கோபுரத்துக்கு வாருங்கள். உயரம் 48.5 மீட்டர். குங்குமச் சிவப்பு. வெளியே பார்த்த வியப்பு அடங்குமுன் உள்ளே போனால் மூச்சே நின்றுவிடும். நடுவில் பொன்மேனியோடு மகாவைரோசன புத்தர். சுற்றி நான்கு புத்தர்கள். அவர்களைச் சுற்றிப் பதினாறு தூண்கள், தூணுக்கு ஒரு போதிசத்துவர், எல்லாம் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில். துணியில் தட்டையாக வரைந்து சுவரில் மாட்டும் மண்டலத்தைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே மண்டலத்துக்குள்ளேயே நடக்கலாம்! ஓவியங்கள் தோமோத்தோ இன்ஷோ தீட்டியவை. கோபுரம் இடிவிழுந்து பலமுறை எரிந்திருக்கிறது. எரிந்த ஒவ்வொரு முறையும் கட்டினார்கள். இப்போது நிற்பது 1937இல் எழுந்தது. எதிரே இருக்கும் பொன் மண்டபம் 1926இல் எரிந்தபோது உள்ளேயிருந்த பழஞ்சிலைகளும் சாம்பலாயின. அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

நெருப்புக்கு இந்த ஊர் எவ்வளவு பயந்திருக்கிறது என்பதைத் தலைமைக் கோயிலான கொங்கோபுஜியின் கூரையே சொல்லும். சைப்ரஸ் மரப்பட்டைகளை அடுக்கடுக்காக வேய்ந்த அந்தக் கூரையின் முகட்டில் பெரிய மரத்தொட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. மழைநீரைப் பிடித்துவைத்து, தீப்பொறி விழுந்தால் உடனே ஊற்றி அணைக்க! 1593இல் தொயொதோமி ஹிதெயோஷி என்ற பெருந்தலைவர் தன் தாயின் நினைவாக எழுப்பிய கோயில் இந்த இடத்தில்தான் இருந்தது. அறைக்கு அறை தங்கப் பின்னணியில் நாரைகளும் பூக்களும் தீட்டிய நகர்கதவுகள். வில்லோ மரம் தீட்டிய அறை ஒன்று உண்டு. அங்கேதான் 1595இல் அதே ஹிதெயோஷியின் ஆணைப்படி அவருடைய மருமகன் ஹிதெத்சுகு வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். இவ்வளவு அழகான ஓர் அறையில் அவ்வளவு கொடூரம்.

சமையற்கட்டைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். அங்கே மூன்று ராட்சதச் சோற்றுப் பானைகள். மூன்றையும் ஒன்றாக ஏற்றினால் இரண்டாயிரம் பேருக்குச் சோறு வெந்துவிடும்! பின்பக்கம் பன்ரியூதேய் கல்தோட்டம், 2,340 சதுர மீட்டர். ஜப்பானிலேயே பெரிய கல்தோட்டம் என்கிறார்கள். வெண்மணல் மேகக் கடல். அதிலிருந்து இரண்டு டிராகன்கள் தலைதூக்குகின்றன. அவற்றின் உடல் ஷிக்கோக்குவிலிருந்து வந்த 140 கருங்கற்கள். கூக்காய் பிறந்த தீவின் கற்கள் அவர் மலைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆனால் என்னைக் கேட்டால் கோயாசானின் உயிர் இந்தப் பொன்னறைகளில் இல்லை. ஊரின் கிழக்குக் கோடியில், ஒக்குனோயின் என்ற காட்டில் இருக்கிறது. முதல் பாலத்திலிருந்து கூக்காயின் சமாதிவரை இரண்டு கிலோமீட்டர் நடைபாதை. இருபுறமும் வானை மறைக்கும் கிரிப்டோமேரியா மரங்கள், பல நூறு வயதுடையவை. அவற்றின் அடியில் பாசி படர்ந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளும் நினைவுத்தூண்களும்! மைத்ரேயர் வந்து கூக்காய் கண்விழிக்கும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

யார் யாருடைய கல்லறைகள் தெரியுமா? இங்கேதான் நான் அசந்துபோகிறேன். ஓதா நொபுநாகா என்ற போர்த்தலைவர் கோயாசானுக்கு எமனாக வந்தவர். 1581இல் இந்த மலையைச் சேர்ந்த துறவிகளை நூற்றுக்கணக்கில் கொன்றார், மலையைப் படையால் வளைத்தார். 1582இல் அவருடைய தளபதி அக்கெச்சி மித்சுஹிதெ அவருக்கே துரோகம் செய்து கியோட்டோவில் அவர் கதையை முடித்தார். சில நாட்களிலேயே மித்சுஹிதெயை ஹிதெயோஷி வீழ்த்தினார். 1585இல் ஹிதெயோஷியும் மலையை மிரட்டினார். மொக்குஜிக்கி ஓகோ என்ற துறவி நேரில் போய்ப் பேசி அவர் மனத்தைத் திருப்பினார். பிறகு அவரே பெரிய கொடையாளி ஆனார். கொன்றவர், கொல்லப்பட்டவர், பழிவாங்கியவர் என்று மூவருக்கும் இந்த ஒரே காட்டில் கல் இருக்கிறது! மித்சுஹிதெயின் கல் விரிசல் விட்டு நிற்கிறது. எத்தனை முறை மாற்றினாலும் வெடிக்கிறது என்று ஊரார் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் மோதிக்கொண்ட போர்த்தலைவர்கள் தாகெதா ஷிங்கெனும் உவெசுகி கென்ஷினும் பாதையின் இருபுறமும் இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று. கொரியாமீது ஹிதெயோஷி தொடுத்த கொடும் போர் முடிந்த கையோடு, 1599இல், ஷிமாசு குலத்தார் இங்கே ஒரு தூண் நட்டார்கள். தங்கள் படையில் இறந்தவர்களுக்காக மட்டுமல்ல, எதிரிப் படையில் இறந்தவர்களுக்காகவும்! நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு கல். மற்ற பௌத்தப் பிரிவுகளை நிறுவிய ஹோனென், ஷின்ரான் ஆகியோருக்கும் இங்கே இடம் உண்டு. சீனாவுக்கு வந்த கிறித்தவர்களைப் பற்றிய புகழ்பெற்ற நெஸ்தோரியக் கல்வெட்டின் நகல்கூட இருக்கிறது. எலிசபெத் கார்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி 1911இல் நிறுத்தியது.

கறையான்களுக்கு? உண்டு! கறையான் ஒழிப்புத் தொழில் செய்வோரின் சங்கம், தாங்கள் கொன்ற பூச்சிகளின் ஆன்மா அமைதியாக உறங்கட்டும் என்று கல் வைத்திருக்கிறது. நிறுவனங்களும் தங்களிடம் வேலைபார்த்து மறைந்தவர்களுக்காக நினைவிடம் கட்டியிருக்கின்றன. ஒன்று ராக்கெட் வடிவம். ஒன்று கல்லில் செய்த காபிக்கோப்பை. விசிட்டிங் கார்டு போடச் சின்னப் பெட்டி வைத்த நினைவிடங்களும் உண்டு. வணிகத்தில் பழகியவர்கள் வந்து வணங்கிவிட்டு அட்டையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சிரித்துவிட வேண்டாம். வேலைபார்த்தவரை மறக்காமல் ஆண்டுதோறும் நினைக்கும் பழக்கம் அது.

அந்தக் கல்லறைகளின் வடிவத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, பிறகு கூம்பிய கூரை, பிறகு பிறை, உச்சியில் மணி. கீழிருந்து மேலாக நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். நம்முடைய பஞ்சபூதம்! காஞ்சி முதல் சிதம்பரம் வரை ஐந்து ஊர்களில் நாம் தேடிப் போகும் ஐந்தும் இங்கே ஒரே கல்லில் அடுக்கி நிற்கின்றன. அவற்றில் செதுக்கியிருக்கும் எழுத்து ஜப்பானியமும் அல்ல, சீனமும் அல்ல. பிராமியின் வழிவந்த சித்தம் என்ற இந்திய எழுத்து. இந்தியாவில் வழக்கொழிந்த அதை இந்த மலையில் இன்றும் கற்கிறார்கள். சமாதிக்கு முந்தைய கடைசிப் பாலத்தின் 36 பலகைகளின் அடிப்பக்கத்திலும் அந்த எழுத்தில் மந்திரங்கள். பாலத்தைத் தாண்டினால் புகைப்படம் கூடாது, தொப்பி கூடாது, சத்தம் கூடாது.

பாலத்துக்கு அப்பால் விளக்கு மண்டபம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகள்! அவற்றில் சில விளக்குகள் ஆயிரம் ஆண்டுகளாக அணையவே இல்லை என்கிறது மரபு. ஒன்று ஷிரகாவா பேரரசர் கொடுத்தது. இன்னொன்று ஓதெரு என்ற ஏழைப் பெண்ணுடையது. வளர்த்த பெற்றோருக்காக ஒரு விளக்கு ஏற்ற ஆசை, கையில் காசில்லை, தன் கருங்கூந்தலை வெட்டி விற்று ஏற்றினாளாம். பேரரசர் பெயர் சொல்லி வருகிறவர்களைவிட ஓதெருவின் பெயர் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம் கைகூப்புவார்கள் என்று நான் நம்புகிறேன். அவள் காலத்தில் இந்த மலைமேல் பெண்கள் கால்வைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கூக்காயின் தாய்க்கே அனுமதி இல்லை! மகனைக் காண வந்த அந்த அம்மாள் மலையடிவாரத்தில் ஜிசோன்-இன் கோயிலில் தங்கினார். மகன் மாதம் ஒன்பது முறை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார் என்கிறார்கள். ஊரின் ஏழு நுழைவாயில்களிலும் பெண்கள் நின்று வணங்க மண்டபங்கள் இருந்தன. மலைமுகடு வழியே சுற்றி நடந்து கோயில்களை எட்ட இருந்தே தொழுதார்கள். அரசாங்கம் 1872இல்தான் தடையை நீக்கியது. ஏழு மண்டபங்களில் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கிறது. அதில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருவது நாம் அந்தப் பெண்களுக்குச் செய்யும் மரியாதை.

இனி நம் சொந்தக் கதை. போதிதர்மரை 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். வஜ்ரபோதியைத் தெரியுமா?

671இல் பிறந்தவர். தென்னிந்தியர், நாலந்தாவில் படித்தவர். காஞ்சியில் கொடும் பஞ்சம் வந்தபோது பல்லவ மன்னன் அவரை அழைத்து மழைக்காக வேண்டச் சொன்னான், மழை பெய்தது என்று சீன வரலாறுகள் எழுதிவைத்திருக்கின்றன. அந்த மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன். ஆம், காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மனேதான்! இலங்கைக்கும் போய்வந்த வஜ்ரபோதி, பிறகு மன்னனின் தூதர்களோடும் பரிசுகளோடும் சுவடிகளோடும் கப்பலேறி 719இல் சீனக் கரை சேர்ந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர். அவருடைய சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவின் சீடர் கூக்காய்! எண்ணிப் பாருங்கள்: காஞ்சிக்கும் கோயாசானுக்கும் நடுவே இருப்பவர்கள் இரண்டே இரண்டு பேர். அமோகவஜ்ரர் மறைந்ததும் கூக்காய் பிறந்ததும் ஒரே ஆண்டில், 774இல். அவரே இவராக வந்தார் என்பது ஷிங்கோன் மரபின் நம்பிக்கை. அதனால்தான் அமோகவஜ்ரர் மறைந்த ஜூன் 15ஆம் தேதியையே கூக்காயின் பிறந்தநாளாகக் கோயாசான் கொண்டாடுகிறது.

யுவான் சுவாங் வந்தபோது காஞ்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகள் இருந்ததாக எழுதினார். மணிமேகலை துறவு நிறைவேறியதும் அந்த நகரில்தான். இன்றைய காஞ்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புத்தர் சிலைகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அங்கே ஒருகாலத்தில் வாழ்ந்த கல்வியின் ஒரு கிளை, இரண்டு கடல் தாண்டி ஒரு மலையுச்சியில் நாள்தோறும் ஓதப்படுகிறது. கோயாசானில் விடிகாலையில் ஓதும் முதன்மைச் சூத்திரத்தைச் சமஸ்கிருதத்திலிருந்து சீனத்துக்குப் பெயர்த்தவர் அமோகவஜ்ரர். அதன் பிறகு சில கோயில்களில் ஹோமம் வளர்க்கிறார்கள்! குண்டத்தில் சமித்துகள், நெய்க்குப் பதில் எண்ணெய், அதிரும் முரசு, எதிரே வாளேந்திய அசலநாதர். சரஸ்வதி, இந்திரன், குபேரன், யானைமுகக் கணபதி என்று நமக்குத் தெரிந்த தெய்வங்களும் ஜப்பானிய உருவில் இம்மரபில் இருக்கிறார்கள். அவர்களுடைய தியானமோ, வெண்ணிலவு வட்டத்துக்குள் எழுதிய 'அ' என்ற ஒற்றை எழுத்தைப் பார்த்தபடி அமர்வது.

போவது கடினமல்ல. ஒசாக்காவில் நம்பா நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்போல ஆகும். கடைசி நிலையத்திலிருந்து, 1930இல் தொடங்கிய மலைரயில் ஐந்தே நிமிடத்தில் செங்குத்தாகத் தூக்கிவிடும். நடக்கத் தெம்பிருப்பவர்கள் ஜிசோன்-இன் கோயிலிலிருந்து பழைய யாத்திரைப் பாதையில் ஏறலாம். ஏறத்தாழ 109 மீட்டருக்கு ஒன்றாக 180 ஐம்பூதக் கல்தூண்கள் கூடவே வரும். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை அது. ஜப்பானில் சைவச் சாப்பாட்டுக்கு அலைகிறவர்களுக்குக் கோயாசான் வரப்பிரசாதம். இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. ரசத்துக்கு மீனுக்குப் பதில் கடற்பாசியும் காளானும். எள்ளை அரைத்துக் காய்ச்சி இறுக்கிய எள் தோஃபுவும், குளிரில் உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபுவும் கட்டாயம் சாப்பிட வேண்டியவை. குளிர்காலம் கடுமை, பனி கொட்டும். ஆகஸ்ட் 13 அன்று போனால் ஒக்குனோயின் பாதை முழுக்க மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கலாம்.

எந்த நாளில் போனாலும் கொம்போன் தாய்தோவின் உட்சுவர் மூலைகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மரபைக் கைமாற்றித் தந்த எட்டு ஆசான்களின் ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களில் ஒருவர் பல்லவர் காஞ்சியில் மழைக்கு வேண்டிய வஜ்ரபோதி. கையில் ஜபமாலை வைத்திருப்பார். தமிழ்நாட்டிலிருந்து போகிற நீங்கள் அவருக்கு முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.